மலைக்குளிரை நம்பி இறைச்சியை வெளியே வைக்காதீர்கள்

"குளிர்தானே, ஒன்றும் ஆகாது." இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைப் பக்கம் எந்த லயத்துக்குப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) போனாலும் இறைச்சியைப் பற்றி இந்தப் பேச்சைக் கேட்கலாம். கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள் லீவுக்கு வந்தால் அவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். அங்கே மத்தியானத்துக்குள் நாறிவிடுமாம், இங்கே அப்படியே கிடக்குமாம். நான் டவுனில் கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் மத்தியானச் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுக்கிறவள். அடுப்பில் கோழி ஏறாத நாள் குறைவு. ஒரு பார்சல் பிழைத்தால் ஒரு தெருவே ஆஸ்பத்திரிக்குப் போகும் தொழில் இது. அதனால் இந்த விஷயத்தில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

நுவரெலியாவின் வருடச் சராசரி வெப்பநிலை சுமார் 16 டிகிரி செல்சியஸ். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் அதைவிடக் கூட. விறகு எரிகிற அடுப்படிக்குள் இன்னும் கூட. பச்சை இறைச்சியோ 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டிய சாமான். 5க்கும் 60க்கும் நடுவில் கிருமிகள் பெருகும். நம்முடைய குளிர் அந்த நடுவுக்குள்தான் இருக்கிறது. கொழும்பில் ஓடுகிற கிருமி இங்கே நடக்கும், அவ்வளவுதான். இரவு முழுக்க நேரம் கொடுத்தால் நடந்தே ஊர் போய்ச் சேர்ந்துவிடும்.

மோந்து பார்த்து முடிவு செய்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாற்றம் கொடுக்கிற கிருமி வேறு, வயிற்றைக் கெடுக்கிற கிருமி வேறு. பச்சைக் கோழியில் அதிகமாக இருக்கிற கம்பைலோபக்டர் என்ற கிருமியை எடுத்துக்கொள்ளுங்கள். அது 30 டிகிரிக்குக் கீழே பெருகுவதே இல்லை. ஆனால் குளிரில் சாகாது. வெயிலில் கிடப்பதைவிடக் குளிரில்தான் அதிக நாள் உயிரோடு இருக்கும். அது பெருக வேண்டிய அவசியமும் இல்லை, சில நூறு உள்ளே போனாலே ஒரு ஆளைப் படுக்க வைக்கப் போதும். கோழியில் நாற்றமே இருக்காது, கையில் மட்டும் அது இருக்கும். சல்மொனெல்லா வேறு மாதிரி. அதற்கு 7 டிகிரி இருந்தாலே மெல்லப் பெருகத் தொடங்கிவிடும்.

கடையிலிருந்து வீட்டுக்கு

டவுனுக்குப் போனால் முதலில் பேங்க், பிறகு பார்மசி, பிறகு பலசரக்கு, மரக்கறி. கோழிக்கடை கடைசி. பஸ் வரும் நேரம் பார்த்து வாங்க வேண்டும். சம்பள நாளில் கூட்டத்துக்குப் பயந்து காலையிலேயே கோழியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மூன்று மணி வரை டவுனைச் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கியதிலிருந்து ஃபிரிட்ஜுக்கோ சட்டிக்கோ போகும் வரை இரண்டு மணித்தியாலம், அதற்கு மேல் வேண்டாம். பஸ்ஸை விட்டு இறங்கித் தோட்டத்தின் மேல் டிவிசனுக்கு ஏற வேண்டியவர்கள் அந்த நடையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஐஸ் கோழி வாங்கினால் பையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். அடியில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் உறைந்து தட்டையாக நிற்கிறதென்றால், அந்தக் கோழி வழியில் எங்கேயோ ஒருமுறை கரைந்து திரும்ப உறைந்திருக்கிறது. நான் அதைத் தொடமாட்டேன். "நானா, உள்ளே இருக்கிறதில ஒன்று எடுத்துத் தாங்க" என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள், கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. அரைத்த இறைச்சியாக இருந்தால் வாங்கிய நாளிலேயே சமைத்துவிட வேண்டும். முழுத் துண்டில் மேலே மட்டும் இருக்கிற கிருமி அரைக்கும்போது உள்ளே எல்லாம் கலந்துவிடுகிறது.

கோழிப் பைக்குள் இன்னொரு பை. மரக்கறிக் கூடையில் அது அடியில் இருக்க வேண்டும், மேலே அல்ல. லீக்ஸும் கரட்டும் சமைக்கப்படும், போகட்டும். வல்லாரை? சலாதுக்கு வாங்கிய வெள்ளரியும் தக்காளியும்? கோழித் தண்ணீர் ஒரு சொட்டு ஒழுகினாலும் அவை பச்சையாகவே வாய்க்குப் போகிறவை.

போயாவுக்கு முதல் நாள் ஒரு தனிக் கதை. பௌர்ணமிக்கு வருகிற போயா விடுமுறை அன்று இறைச்சி விற்கக்கூடாது என்பது நாடு முழுக்க உள்ள சட்டம். அதனால் முதல் நாள் சாயங்காலம் கடையில் தள்ளுமுள்ளு. இரண்டு நாளைக்குச் சேர்த்து வாங்குவார்கள், வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்காது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு என் யோசனை ஒன்றுதான். போயா அன்று பருப்பும் கருவாடும் சாப்பிடுங்கள். ஒரு நாள் கோழி இல்லாவிட்டால் யாரும் மெலிந்துவிடமாட்டார்கள்.

பங்கு ஆடும் பீலித் தண்ணீரும்

தீபாவளிக்கு முற்பணம் கைக்கு வந்ததும் பத்துப் பதினைந்து குடும்பம் சேர்ந்து ஆடு வாங்குவது நம் தோட்டங்களில் உள்ள வழக்கம். முனியாண்டிப் பூசைக்குக் கெடா வெட்டினாலும் இதே போலத்தான் கூறு போடுவார்கள். இறைச்சி புதிது, கண் முன்னே வெட்டியது, அதைப் பற்றிப் பயமில்லை என்று நினைக்கிறோம். ஆனால் தோலுரிக்கிற கத்தியே குடலையும் திறக்கிறது, அதே கத்தியே தொடையையும் அறுக்கிறது. கிருமி பெரும்பாலும் ஆட்டின் சதைக்குள் இருப்பதில்லை, குடலுக்குள்ளும் தோல் ரோமத்திலும் இருக்கிறது. சதைக்கு அதைக் கொண்டு வருகிறவர்கள் நாம்தான்.

ஆகவே வெட்டுகிற அண்ணன்மாரிடம் இரண்டு காரியம் கேளுங்கள். குடலை எடுக்கும் முன் இரண்டு முனையையும் கயிற்றால் கட்டச் சொல்லுங்கள். வயிற்றைத் திறந்தபின் கத்தியையும் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத் துண்டு போடச் சொல்லுங்கள். கூறு போடச் சாக்கு விரிக்காதீர்கள். உரச் சாக்கு என்றால் கேட்கவே வேண்டாம். புதுப் பொலித்தீனோ கழுவிய வாழையிலையோ போதும். நிறுத்து, பிரித்து, யாருக்கு ஈரல் யாருக்குத் தலை என்று சண்டை பிடித்து முடிய வெயில் ஏறிவிடும். கூறு எடுக்க ஆட்கள் வரும் நேரத்தை முன்கூட்டியே சொல்லி வைத்தால் இறைச்சி காத்திருக்காது.

குடலை எங்கே கழுவுகிறோம் என்பதுதான் எனக்குப் பெரிய மனக்குறை. நேரே பீலிக்கு (லயத்துப் பொதுத் தண்ணீர்க் குழாய்க்கு) எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். தண்ணீர் தாராளமாக விழும், குடலைப் புரட்டிக் கழுவ வசதி. அதே பீலியில்தான் பள்ளிக்கூடப் பிள்ளை போத்தலை நிரப்புகிறது, அதே கல்லில்தான் பக்கத்து வீட்டு அக்கா குடத்தை வைக்கிறாள். நம்முடைய பீலிகள் பலவற்றில் ஊற்றுத் தண்ணீர் நேரே வருவதுதான், குளோரின் போட்டு விடுகிற தண்ணீர் அல்ல. ஆகவே வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு கீழே தள்ளிப் போங்கள், கான் (கழிவு வாய்க்கால்) ஓடுகிற பக்கம். கழுவிய தண்ணீரை மரக்கறிப் பாத்தியில் ஊற்றவேண்டாம், குழி வெட்டி ஊற்றி மண் போட்டு மூடிவிடுங்கள். நாயும் வராது. குடலை மஞ்சளும் உப்பும் போட்டுத் தேய்த்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிறகுதான் கறிக்கு எடுக்க வேண்டும். குடல், ஈரல் போன்றவை மற்ற இறைச்சியை விடச் சீக்கிரம் கெடும், அன்றைக்கே முதலில் சமைக்க வேண்டியவை அவைதான்.

ஃபிரிட்ஜ் இருந்தாலும் இல்லாவிட்டாலும்

இருக்கிறவர்கள்: இறைச்சி அடித்தட்டில், மூடி போட்ட டப்பாவில். மேல் தட்டில் கோழி, கீழ்த் தட்டில் தயிர் என்று வைத்தால் என்ன சொட்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பச்சைக் கோழி கீழே ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அதற்கு மேல் என்றால் உறையப் போட வேண்டும். போடும்போதே ஒரு வேளைக்கு ஆகிற அளவாகப் பிரித்து, பையைத் தட்டையாக அழுத்திப் போடுங்கள். மொத்தமாக ஒரு உருண்டையாகப் போட்டுவிட்டு, காலையில் கத்தியை வைத்து விறகு பிளக்கிற மாதிரி பிளக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

கரைய வைப்பதில்தான் மலைநாட்டுக்காரர்கள் பிழை விடுகிறோம். இரவு படுக்கும்போது உறைந்த கோழியை எடுத்து அடுப்பு மேடையில் வைத்துவிடுகிறோம், "விடியும்போது சரியாக இருக்கும்" என்று. அடுப்புத் தணல் பக்கத்தில் இருக்கிறது. வெளித்தோல் நள்ளிரவிலேயே கரைந்துவிடும், உள்ளே எலும்போரம் விடியும்வரை கல்லாக இருக்கும். வெளியே கரைந்த சதை அத்தனை மணி நேரமும் சும்மா இருக்குமா? இரவே எடுத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். அவசரமென்றால் தண்ணீர் புகாத பையில் கட்டிப் பச்சைத் தண்ணீரில் அமிழ்த்தி, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். நம் பீலித் தண்ணீர் நல்ல குளிர், இந்த வேலைக்குத் தோதானது. அப்படிக் கரைத்ததை உடனே சமைக்க வேண்டும், திரும்ப உறைய வைக்கக்கூடாது.

கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் கீழ்ப்பகுதி நான்கு மணித்தியாலம் தாங்கும். நிறைந்த தனி ஃபிரீசர் 48 மணித்தியாலம், பாதி நிறைந்தது 24 மணித்தியாலம் தாங்கும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் மேலே இருக்கிற சின்ன ஐஸ் பெட்டிக்கு இந்தக் கணக்குச் சரிவராது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்டை வெட்டியபோது எல்லாரும் இதைப் படித்துக்கொண்டார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் இப்போதும் அதே கதைதான்.

இல்லாதவர்கள்: அன்றைக்கு வாங்கி அன்றைக்குச் சமைத்து அன்றைக்கே முடிக்க வேண்டும். அரைக் கிலோ கேட்டால் கொடுக்காத கடை இல்லை. மஞ்சளும் உப்பும் போட்டு அரை அவியலாக அவித்து மூடி வைத்தால் நாளைக்குத் தாங்கும் என்று சொல்வதை நம்பாதீர்கள். மஞ்சளுக்கு அவ்வளவு சக்தி இல்லை. அரைகுறையாக வெந்த சூடு கிருமிக்கு இதமான சூடு. பழைய ஆட்கள் உப்புக்கண்டம் போட்டு அடுப்புக்கு மேலே கம்பியில் கோத்துத் தொங்கவிட்டார்களே என்று கேட்பீர்கள். அவர்கள் மெல்லிசாகக் கீறி, கை நிறைய உப்புப் போட்டு, நாள் கணக்கில் வெயிலிலும் புகையிலும் காய வைத்தார்கள். ஜூன், ஜூலை மழையில் துணியே காயாத ஹட்டன் பக்கத்தில் அது நடக்காது.

அருவாமனை

பலகையும் கத்தியும் நம் அடுப்படிக்குப் பிறகு வந்தவை. இன்றைக்கும் நிறைய வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே அருவாமனைதான். ஒரு காலை மடக்கி அதன்மேல் உட்கார்ந்தால் கோழியும் அதிலே, கத்தரிக்காயும் அதிலே. போதாததற்குச் சிலதில் அலகின் முனையிலேயே பல் பல்லாகத் தேங்காய் துருவி இருக்கும். கோழியைத் துண்டு போட்டு முடித்து, அலகைத் தண்ணீரில் ஒரு அலசு அலசி, அதே முனையில் தேங்காயைத் துருவி, கொச்சிக்காய் வைத்து அரைத்துச் சம்பல். கோழி ஒரு மணித்தியாலம் அடுப்பில் கொதிக்கப் போகிறது, அதற்கு ஒன்றும் ஆகாது. சம்பல் அடுப்பையே பார்ப்பதில்லை. கோழிக்கறி சாப்பிட்டு வயிறு கெட்டது என்று சொல்கிற வீட்டில் பல நேரம் கறிமேல் பிழை இருக்காது, பக்கத்தில் இருந்த சம்பல்மேல்தான் இருக்கும்.

அருவாமனையைக் கிட்டே எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். அலகு கட்டைக்குள் இறங்குகிற இடத்தில் ஒரு வெடிப்பு இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் பிசின் மாதிரி ஒன்று அடைந்திருக்கும். நகத்தால் சுரண்டினால் வரும், மோந்தால் தெரியும். அது கோழிக் கொழுப்பு. இந்தக் குளிரில் கொழுப்பு தண்ணீர் பட்டவுடன் உறைந்து இரும்போடு ஒட்டிக்கொள்கிறது, பச்சைத் தண்ணீரில் எத்தனை தடவை அலசினாலும் போகாது. சுடுதண்ணீரும் சவர்க்காரமும் பழைய பல் பிரஷ்ஷும் வேண்டும். தேய்த்து முடித்தபின் கேத்தலில் கொதிக்கிற தண்ணீரை அலகிலும் கட்டையிலும் ஊற்றி, அடுப்புப் பக்கம் நிமிர்த்தி வைத்துக் காய விடுங்கள். பலகை வைத்திருப்பவர்களுக்கும் இதேதான். வசதி இருந்தால் இறைச்சிக்கு ஒரு பலகை, மற்றதற்கு ஒன்று.

வசதி இல்லாவிட்டால் காசே செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. வெட்டுகிற வரிசையை மாற்றுங்கள். முதலில் தேங்காயைத் துருவி மூடி வையுங்கள். பிறகு சலாதுக்கும் சம்பலுக்கும் உள்ளது, பிறகு கறிக்கு வெங்காயம், பூண்டு. இறைச்சி கடைசி. அதற்குப் பிறகு அந்த அருவாமனை கழுவ மட்டும்தான் போக வேண்டும். என் அடுப்படியில் உதவிக்கு வருகிற தங்கச்சிக்கு நான் முதல் நாள் சொல்லிக் கொடுத்தது இது ஒன்றுதான், சமையல் எல்லாம் அப்புறம்.

மசாலா டின்களையும் கவனியுங்கள். கோழியைப் பிசைந்த கையோடு உப்புப் போத்தலைத் திறக்கிறோம், தூள் டின்னுக்குள் கரண்டி விடுகிறோம், ஃபோன் அடித்தால் எடுக்கிறோம். இறைச்சியைத் தொடும் முன்பே உப்பு, தூள், மஞ்சள் எல்லாவற்றையும் ஒரு பீங்கானில் எடுத்து வைத்துவிடுங்கள். ஃபோன் அடித்தால் அடிக்கட்டும்.

கை கழுவுவது: காலை நேரத்துக் குழாய்த் தண்ணீரில் விரல் விறைத்துப் போகும், அதனால் பட்டும் படாமல் நனைத்துவிட்டு விடுகிறோம். கிருமி போவதற்குத் தண்ணீரின் சூடு முக்கியமல்ல. சவர்க்காரமும், 20 விநாடி தேய்ப்பதும்தான் முக்கியம். ஆனால் விறைக்கிற தண்ணீரில் யாரும் 20 விநாடி நிற்கமாட்டார்கள். ஆகவே இறைச்சியில் கை வைக்கும் முன்பே கேத்தல் தண்ணீரைக் கலந்து வெதுவெதுப்பாக ஒரு ஜக்கில் பக்கத்தில் வைத்துவிடுங்கள். நகம் வெட்டியிருக்கட்டும், மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். கொழுந்து பறிக்கிற விரல்களில் வெடிப்பும் கீறலும் இல்லாத நாள் ஏது? சீழ் வைத்த புண் இருந்தால் அன்றைக்குச் சமையலை வேறு ஆளிடம் விடுங்கள். சின்னக் கீறல் என்றால் பிளாஸ்டர் ஒட்டி அதற்கு மேல் கையுறை. புண்ணில் இருக்கிற ஸ்டெஃபிலோகொக்கஸ் என்ற கிருமி உணவில் விஷத்தை விட்டுவிடும். அந்த விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது.

இன்னொன்று பிடித்துணி. சட்டி இறக்க, மேடை துடைக்க, கை துடைக்க, கோழித் தண்ணீர் சிந்தினால் அதையும் துடைக்க எல்லாம் ஒரே துணி. மே மாதம் மழை பிடித்தால் செப்டெம்பர் வரை அது சரியாகக் காய்வதே இல்லை. ஈரமாகவே ஆணியில் தொங்கும். கோழித் தண்ணீரைத் துடைக்கப் பழைய பத்திரிகைத் தாளை எடுத்து, துடைத்தவுடன் அடுப்பில் போட்டு எரித்துவிடுங்கள். துணியைத் தினமும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, அடுப்புக்கு மேலே காய விடுங்கள்.

கழுவுவதா வேண்டாமா

சுகாதாரத்துறைக்காரர்கள் உலகம் முழுக்கச் சொல்வது பச்சைக் கோழியைக் கழுவாதீர்கள் என்று. குழாய்க்கு அடியில் பிடித்தால் தண்ணீர் தெறித்து, கண்ணுக்குத் தெரியாமல் சிங்க், பக்கத்துப் பாத்திரம், சட்டை எல்லாவற்றிலும் கிருமி ஒட்டுகிறது. கழுவுவதால் கிருமி சாவதில்லை, இடம்தான் மாறுகிறது. சாகடிப்பது அடுப்பு. இது உண்மை. அதே நேரம், கழுவாத இறைச்சியைச் சமைத்தாள் என்று என் மாமியாருக்குத் தெரிந்தால் அந்தச் சட்டி வீட்டுக்குள் வராது. உங்கள் வீடும் இப்படித்தான் இருக்கும் என்பதால் நடுவழி ஒன்று சொல்கிறேன். குழாயைத் திறக்காதீர்கள். ஒரு பேசினில் தண்ணீர் எடுத்து, இறைச்சியை மெதுவாக உள்ளே இறக்கி, கையால் தடவி, தூக்கி எடுங்கள். தெறிக்கக்கூடாது. பக்கத்தில் கழுவிய பாத்திரமோ சலாது இலையோ இருக்கக்கூடாது. அந்தத் தண்ணீரைத் தாழ்த்திப் பிடித்துக் கானில் ஊற்றிவிட்டு, பேசினைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கொதிதண்ணீர் ஊற்றுங்கள். தேசிக்காயும் மஞ்சளும் கவிச்சியைக் குறைக்கும், கிருமியைக் கொல்லாது.

வேகவைப்பது

நுவரெலியா டவுன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். ஹட்டனில் 96 அளவு. கோழி பாதுகாப்பாக வேக உள்சதை 74 டிகிரிக்கு வர வேண்டும், ஆகவே 94 தாராளம். ஆனால் அந்த 74 எலும்பு வரை போய்ச் சேர இங்கே அதிக நேரம் எடுக்கும். கொழும்பில் எழுதிய சமையல் குறிப்பில் 25 நிமிடம் என்றிருந்தால் இங்கே அதோடு நிறுத்தாதீர்கள். குக்கர் வைத்திருந்தால் இந்தத் தொல்லை குறைவு.

சூடு பார்க்கும் கம்பி நம் வீடுகளில் கிடையாது. தொடையும் காலும் சேர்கிற மூட்டில், எலும்புக்குப் பக்கத்தில் கத்தியை விடுங்கள். வடிகிற சாறு தெளிவாக இருக்க வேண்டும், சதை எலும்பிலிருந்து விட்டுக்கொடுக்க வேண்டும். ஐஸில் வைத்த இளம் பிரொய்லர் என்றால் எலும்போரம் வெந்த பிறகும் கருஞ்சிவப்பாகத் தெரியும். அது எலும்புக்குள் இருந்து கசிந்த நிறம், பச்சை அல்ல. அதனால் எலும்பின் நிறத்தை விட்டுவிட்டுச் சதையைப் பாருங்கள்.

குழம்பில் எனக்கு அவ்வளவு பயமில்லை. பயமெல்லாம் பொரியலிலும் டெவலிலும் சுட்ட இறைச்சியிலும்தான். எண்ணெய் அதிகம் காய்ந்திருந்தால் வெளியே பொன்னிறம், உள்ளே இளஞ்சிவப்பு. முதலில் அவித்துவிட்டுப் பிறகு பொரியுங்கள். ஏப்ரல் சீசனில் கிரகரி வாவிப் பக்கம் வந்து கரி மூட்டிக் கோழி சுடுகிறவர்களுக்கும் ஒன்று: பச்சைக் கோழி ஊறிய தட்டில் சுட்ட கோழியைத் திரும்ப வைக்காதீர்கள், ஊறிய மசாலாத் தண்ணீரைக் கடைசியில் மேலே பூசாதீர்கள்.

சுவரொட்டி, அதாவது மண்ணீரல். இரத்தம் குறைந்த பெண்களுக்கும் பிள்ளை உண்டானவர்களுக்கும் ஆட்டுச் சுவரொட்டியைத் தணலில் லேசாக வாட்டிக் கொடுப்பது நம்முடைய வைத்தியம். பாதி பச்சையாக இருந்தால்தான் சத்து என்பார்கள். ஈரலுக்கும் அப்படியே சொல்வார்கள். இரும்புச் சத்து வெந்தாலும் அப்படியேதான் இருக்கும். கர்ப்பிணிக்குப் பாதி வெந்த இறைச்சி நல்லதல்ல, அவளுக்கு மட்டுமல்ல, வயிற்றில் இருக்கிறதற்கும். நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். பன்றி இறைச்சியும் அப்படியே, காட்டில் பிடித்தது என்றால் இன்னும் கூடுதலாக.

மிச்சக் குழம்பு

சமைத்து முடித்ததும் கவலை விட்டது என்று நினைக்கிற இடத்தில்தான் பெரிய விருந்துகள் விழுகின்றன. க்ளொஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜன்ஸ் என்று ஒரு கிருமி. பெயர் வாயில் நுழையாது, குணத்தை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அதன் வித்து கொதிக்கிற குழம்பிலும் சாகாமல் உட்கார்ந்திருக்கும். குழம்பு ஆறி 45 டிகிரி அளவுக்கு வரும்போது முளைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் அளவுக்குப் பெருகும். பெரிய கிடாரத்துக் கறி நடுவில் மணிக்கணக்காக அந்தச் சூட்டிலேயே நிற்கும்.

நாம் என்ன செய்கிறோம்? குளிரில் கறி உறைந்துவிடும் என்று சட்டியை மூடித் தணல்மேல் வைத்துவிட்டுப் படுக்கிறோம். விடிய விடிய வெதுவெதுப்பு. கிருமிக்கு மெத்தை போட்டுக் கொடுக்கிற வேலை இது. ஒன்று, கொதிக்கக் கொதிக்க 60 டிகிரிக்கு மேலே வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் சீக்கிரம் ஆற்ற வேண்டும். தணலை விட்டு இறக்கி, அகலமான இரண்டு மூன்று பாத்திரத்தில் ஆழமில்லாமல் ஊற்றி, பீலித் தண்ணீர் நிறைந்த பேசினுக்குள் பாத்திரத்தை வைத்துக் கிளறிவிடுங்கள். இந்த ஒரு காரியத்துக்கு மலைக்குளிர் நல்ல கூட்டாளி. இரண்டு மணித்தியாலத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும். ஃபிரிட்ஜ் இல்லையா, இரவுக்கு மிஞ்சாத அளவில் சமையுங்கள்.

கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவர்கள் நேற்றைய இறைச்சிக் குழம்பைக் காலையில் லேசாகச் சூடு காட்டிக் கட்டிக்கொண்டு போய் மத்தியானம் சாப்பிடுகிறார்கள். சூடு காட்டுவது போதாது. ஃபிரிட்ஜில் இருந்த குழம்பாகவே இருந்தாலும் அடியிலிருந்து கிளறி, நடுவிலும் குமிழி வரக் கொதிக்க வேண்டும். அப்படியும் மத்தியானம் வரை பெட்டிக்குள் கிடக்கப் போகிறது. மலைக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுபோங்கள், இறைச்சியை இரவுக்குச் சூடாகச் சாப்பிடலாம்.

வயிறு கெட்டுப்போனால்

கடைசியாகச் சாப்பிட்டதைக் குற்றம் சொல்லாதீர்கள். ஸ்டெஃபிலோகொக்கஸ் விஷம் அரை மணித்தியாலத்திலேயே வாந்தி எடுக்க வைக்கும். குழம்புக் கிருமி 6 முதல் 24 மணித்தியாலத்தில் வயிற்றைப் பிடிக்கும். கம்பைலோபக்டர் இரண்டு முதல் ஐந்து நாள் கழித்துத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்கு வியாழக்கிழமை படுப்பவர்களும் உண்டு.

முதல் வேலை தண்ணீர்ச் சத்து குறையாமல் பார்ப்பது. ஜீவனி (உப்புச் சர்க்கரைக் கரைசல் தூள்) பாக்கெட் ஒன்றை அதில் எழுதியிருக்கிற அளவு கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தாலும் பத்து நிமிடம் விட்டுத் திரும்பக் கரண்டியால் கொடுங்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையைச் சொந்தமாக வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டாம். மலத்தில் இரத்தம், 39 டிகிரியை நெருங்குகிற காய்ச்சல், எதுவும் வயிற்றில் தங்காத வாந்தி, சிறுநீர் குறைதல், பிள்ளை அழுதால் கண்ணீர் வராதது, மூன்று நாளாகியும் நிற்காத வயிற்றுப்போக்கு, இவற்றில் ஒன்று இருந்தாலும் டிஸ்பென்சரியில் நேரத்தைக் கழிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர் என்றால் அதுவரைகூடப் பொறுக்க வேண்டாம். வண்டி கிடைக்காவிட்டால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய ஆம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

ஒரே விருந்தில் சாப்பிட்ட இரண்டு மூன்று வீட்டில் ஆட்கள் படுத்தால் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவுக்குச் சொல்லுங்கள். மிச்சக் கறியைக் கொட்டிவிடாமல் பையில் கட்டி ஃபிரிட்ஜில் தனியாக வையுங்கள், பரிசோதிக்கத் தேவைப்படும். படுத்தவர் எழுந்தபிறகு, வயிற்றுப்போக்கு நின்று இரண்டு நாள் போகும்வரை அவரை அடுப்படிக்குள் விடாதீர்கள், வீட்டுக்கு அவர் ஒருவர்தான் சமைக்கிறவர் என்றாலும் சரி. அந்த இரண்டு நாளைக்குப் பக்கத்துக் காம்பரா வீட்டிலிருந்து சோறு வாங்கிக்கொள்ளலாம்.